மார்புக் குத்துக்காயத்துக்கு மெடிக்கல் கோடு போடுவது: எஸ்21, எஸ்27 வரிசைகளோடு நீண்ட நாள் பழக்கம்

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட்டுகளுக்கு மெடிக்கல் கோடு (நோய், சிகிச்சைக்கான குறியீடு) போடுவது என் வேலை. அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோடுத் தொகுப்புதான். மார்புக் காயப் பகுதியைப் பல வருடம் புரட்டியதில் என் கருத்து: தொகுப்பு நன்றாகவே இருக்கிறது, இடிப்பதெல்லாம் டாக்டர் எழுதும் குறிப்பில்தான்.

முன்பக்கமா பின்பக்கமா, வலதா இடதா, கிழிசலா குத்தா, உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்று திறந்த மார்புக் காயத்துக்கான எஸ்21 வரிசை எல்லாவற்றையும் கேட்கும். இவையெல்லாம் சார்ட்டில் எப்படியாவது கிடைத்துவிடும். காயம் மார்புக்கூட்டுக்குள் போனதா என்பதுதான் கிடைக்காது. முன்பக்கக் காயம் உள்ளே போகாவிட்டால் எஸ்21.1, போனால் எஸ்21.3. கத்திக்குத்து என்றாலே ட்ராமா டாக்டர்கள் 'பெனட்ரேட்டிங் ட்ராமா' (ஊடுருவிய காயம்) என்று எழுதிவிடுவார்கள். சிடி ரிப்போர்ட்டைத் திறந்தால் காயம் தசையோடு நின்றிருக்கும். நாமாக ஊகிக்கக் கூடாது. டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான், புரொடக்‌ஷன் டார்கெட் எப்படிப் போனாலும்.

பழைய ஐசிடி-9-இல் நியூமோதோராக்ஸும் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) திறந்த காயமும் 860.1 என்ற ஒரே கோடில் அடங்கிவிடும். இப்போது காயத்துக்கு எஸ்21, உள்ளுறுப்புக்கு எஸ்27 என்று தனித்தனியாகப் போட வேண்டும். காற்று மட்டும் என்றால் எஸ்27.0, ரத்தம் மட்டும் என்றால் எஸ்27.1, இரண்டும் சேர்ந்தால் எஸ்27.2. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது, படித்தாலே நோயாளியின் நிலை புரிகிறது. ஒரு குறை உண்டு. குத்துப்பட்டவருக்கு டென்ஷன் நியூமோதோராக்ஸ் (அந்தக் காற்றின் அழுத்தம் கூடி உயிருக்கே ஆபத்தாகும் நிலை) வந்தாலும் அதே எஸ்27.0தான். தனிக் கோடு இல்லை. என்கோடரில் (கோடு தேடும் மென்பொருள்) 'டென்ஷன்' என்று தேடினால் ஜே93.0 வந்து நிற்கும். அது தானாக வருவதற்கானது, இங்கே போடக் கூடாது.

அப்புறம் நோக்கம். பிறர் கத்தியால் குத்தினால் எக்ஸ்99.1, தானே குத்திக்கொண்டால் எக்ஸ்78.1, தவறுதலாகப் பட்டால் டபிள்யூ26.0. டாக்டர் எதுவும் எழுதாவிட்டால் விதிப்படி விபத்துதான். 'தீர்மானிக்க முடியவில்லை' என்ற கோடு, டாக்டரே அப்படி எழுதினால் மட்டும். நடுராத்திரி முதுகில் விழுந்த குத்து இப்படி விபத்தாகப் பதிவாவதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

காயக் கோடின் ஏழாவது எழுத்து 'ஏ' என்பது முதல் விசிட் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஆக்டிவ் சிகிச்சை நடக்கும்வரை 'ஏ'தான், எத்தனை டாக்டர் மாறினாலும்.

செஸ்ட் ட்யூப் (மார்பில் செருகும் வடிகுழாய்) போட்டதற்கான சிபிடி (சிகிச்சைமுறைக்கான) கோடிலும் குறிப்புதான் காலை வாரும். வெட்டித் திறந்து போட்டால் 32551. தோல் வழியாக கதீட்டர் செருகினால் 32556, ஸ்கேன் பார்த்தபடி செருகினால் 32557. சார்ட்டில் இருப்பதோ பெரும்பாலும் 'ட்யூப் போடப்பட்டது' என்ற ஒற்றை வரி. திரும்பவும் க்வெரிதான்.