பாத்லிப்பும் 312 கூட்டக் குறிப்புகளும்

பைதன் எண்ட புரோகிராம் மொழியோடு கூடவே வரும், பைலுகளைத் தேடி வாசிக்கிற பாத்லிப் எண்ட கருவிக்கு நான் போடுற புள்ளி ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை எங்கே வெட்டினேன் எண்டது கீழே வரும்.

போன மாரியில் எங்கட கமக்காரர் அமைப்பின் செயலாளர் அண்ணை ஒரு பென்டிரைவோடு வந்தார். மீள்குடியேறின காலம் தொட்டு நடந்த கூட்டங்களின் குறிப்பு, கூட்டத்துக்கு ஒரு டெக்ஸ்ட் பைல், மொத்தம் 312. "தங்கச்சி, எங்கட வாய்க்கால் திருத்தத்தைப் பற்றி எத்தினை கூட்டத்திலை கதைச்சனாங்கள் எண்டு எடுத்துத் தா. சிறுபோகக் கூட்டத்திலை காட்டோணும்." வவுனிக்குளத்துத் தண்ணியை நம்பி விதைக்கிறவைக்கு இது லேசான விசயம் இல்லை.

நான் படிச்ச வகுப்பில் சொல்லித் தந்தது பழைய லிஸ்ட்டிர் முறை. அது பைலின் பெயரை மட்டும் தரும், இருக்கிற இடத்தைத் தராது. புரோகிராமை வேறை போல்டரில் இருந்து ஓட்டினால் "அப்பிடி ஒரு பைல் இல்லை" எண்டு கையை விரிக்கும். 2014 இல் பைதனின் 3.4 பதிப்போடு வந்த பாத்லிப்பில் அந்தச் சோலி இல்லை. போல்டரைக் காட்டி, குளொப் எண்ட தேடுற கட்டளைக்கு நட்சத்திரக் குறியும் டிஎக்ஸ்டியும் (*.txt) கொடுத்தால் ஒவ்வொரு பைலையும் பாதையோடு கொண்டுவந்து தரும். உள்ளுக்குள்ளே இன்னும் போல்டர் இருந்தால் அதுக்குள்ளையும் தேடுறது ஆர்குளொப். பிறகு ரீட்டெக்ஸ்ட் எண்டு ஒரு சொல்லு. திறக்கிறது, மூடுறது எல்லாம் அதே பார்த்துக்கொள்ளும். நாலு வரியில் வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

முதல் பைலிலேயே விழுந்திட்டுது. 11 ஆம் இடத்தில் இருக்கிற பைற்றை வாசிக்க முடியேல்லையாம். குந்தியிருந்து எண்ணிப் பார்த்தன். பைலின் முதல் சொல் "கூட்டம்". எழுத்துகளை பைற்றாக்கிச் சேமிக்கிற முறையான யுடிஎப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற். க, கூவன்னாவின் கொம்பு, ட, அதற்குப் பிறகு வாற புள்ளி. பைதன் பூச்சியத்தில் இருந்து எண்ணுறதால் அந்தப் புள்ளியின் கடைசிப் பைற்தான் அது. என்ர விண்டோஸ் இயல்பாகப் பாவிக்கிற 1252 எண்ட எழுத்து அட்டவணையில் அந்த பைற்றுக்கு எழுத்தே இல்லை. புள்ளி இல்லாமல் தமிழ் எழுதுற ஆள் ஆர்? யுடிஎப்-8 எண்டு நாங்களாகச் சொல்லாட்டில் இந்தக் கரைச்சல்தான். நான் வெட்டின ஒரு புள்ளி இதுக்கு. பைதனின் 3.15 பதிப்பில் யுடிஎப்-8 ஐ இயல்பாக்க முடிவெடுத்திருக்கினம். எனக்குப் போன இரண்டு இரவு திரும்பி வராது.

பழைய நோட்பாட்டில் அடிச்ச சில பைலுகளின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைற் ஒட்டியிருந்தது. யுடிஎப்-8 க்குப் பதிலாக, அந்த மூன்றையும் தவிர்த்து வாசிக்கிற யுடிஎப்-8-சிக் எண்டு போட்டதும் அதுவும் கழன்றுது.

வரிசை இன்னொரு கூத்து. குளொப் எந்த ஒழுங்கில் தரும் எண்டு உத்தரவாதம் இல்லை. வரிசைப்படுத்துற ஸோர்ட்டெட்டுக்குள் போட்டால் "கூட்டம் 10" வந்து "கூட்டம் 2" க்கு முன்னாலை நிக்குது. எழுத்தாகத்தானே பார்க்குது. பெயரில் இருக்கிற இலக்கத்தைப் பிரிச்செடுத்து எண்ணாக மாத்தினபிறகே சரிவந்தது. இதுக்கு பாத்லிப்பில் பிழை சொல்ல மாட்டன்.

உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் வந்தது. 312 பைலும் ஒரு செக்கனுக்குள் ஓடி முடிஞ்சுது, ஒரு பிழையும் காட்டேல்லை. ஆனால் 2013 இல் "வாய்க்கால்" எண்ட சொல் ஒரு தரமும் இல்லையாம். எங்கட ஊரில் வாய்க்கால் சண்டை இல்லாமல் ஒரு வருசமோ! திறந்து பார்த்தால் அந்த வருசத்துப் பைலெல்லாம் பாமினி எண்ட, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடிச்சது. பாமினி எழுத்துருவைக் கழட்டினால் மிஞ்சுறது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அதை எந்த அட்டவணையும் பிழையில்லாமல் வாசிக்கும், தமிழ் எண்டு மட்டும் தெரியாது. தமிழ் எழுத்து ஒன்றுமே இல்லாத பைலுகளைப் பிரிச்சு எடுத்தன்: 47. அவற்றை யூனிகோடுக்கு மாத்தி, திரும்ப ஓட்டி, 96 கூட்டம் எண்டு தாளில் எடுத்துக் குடுத்தன்.

அண்ணை அதைக் கூட்டத்தில் வாசிச்சார். இப்ப யூனிகோடில்தான் அடிக்கிறார். பைலுக்கு முன்னாலை திகதியைப் போடுங்கோ எண்டும் சொல்லிவிட்டனான். போன கிழமை வந்த பைலின் பெயர் "கூட்டம் 313 புதுசு".