எக்செல் அரங்கின் நைட்டிங்கேல் மருத்துவமனை: கட்டடத்துக்கு ஐந்து, சேவைக்கு இரண்டு

கொரோனாவின் முதல் அலையில், 2020 ஏப்ரல் 3 அன்று, கிழக்கு லண்டனின் எக்செல் கண்காட்சி அரங்கில் திறக்கப்பட்ட நைட்டிங்கேல் தற்காலிக மருத்துவமனையின் கட்டுமானத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் தென்படவில்லை. விரிந்த கூடமும், ஏற்கெனவே இருந்த மின் இணைப்புகளும், கண்காட்சிக் கடைகளைப் பிரிக்கும் தடுப்புப் பலகைகளும் கைகொடுக்க, ஏறத்தாழ ஒன்பது நாட்களில் வேலை முடிந்தது. தொடக்கத்தில் 500 படுக்கைகள், தேவைப்பட்டால் 4000 வரை என்பது திட்டம்.

முதல் அலையில் அங்கு சிகிச்சை பெற்றவர்களோ 54 பேர். நகரின் மற்ற மருத்துவமனைகள் தங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை விரிவாக்கிச் சமாளித்ததும் இதற்கு ஒரு காரணம். அதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால், செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும் நோயாளிகளுக்கென்றே இந்த இடத்தை ஒதுக்கிய முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அத்தகைய நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது பிரிட்டனில் வழக்கமான அளவு; அந்தப் பயிற்சி பெற்றவர்களையோ, ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த அதே லண்டன் மருத்துவமனைகளிலிருந்துதான் பெரும்பாலும் அழைத்துவர வேண்டியிருந்தது. பலகையையும் குழாயையும் ஒன்பது நாட்களில் பொருத்தலாம். தீவிர சிகிச்சைச் செவிலியரை அப்படி உருவாக்க முடியாது.

இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வூஹான் நகரம் வேறு வழியில் சென்றிருந்தது. விளையாட்டரங்குகளிலும் கண்காட்சிக் கூடங்களிலும் அமைத்த 16 தற்காலிக மருத்துவமனைகளில் லேசான, மிதமான பாதிப்புள்ளவர்களை மட்டும் சேர்த்து, நிலை மோசமானவர்களைப் பெரிய மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள். மார்ச் 10 அன்று எல்லாம் மூடப்படும்வரை சுமார் 12,000 பேர் அவற்றில் தங்கினார்கள். வரிசையாகக் கட்டில்கள் போட்ட திறந்த கூடத்தில் தனிமைக்கு வழியில்லை என்பது உண்மையே. ஆயினும் குடும்பத்துக்குத் தொற்று பரவாமல் தடுக்கவும், உடல்நிலை சரிவதை உடனே கண்டுகொள்ளவும் அவ்வளவு வசதி போதுமானதாக இருந்தது.

2021 ஜனவரியில் எக்செல் மீண்டும் திறக்கப்பட்டபோது, தேறிவரும் கொரோனா அல்லாத நோயாளிகளுக்கும் தடுப்பூசி போடுவதற்கும் அது பயன்பட்டது. அந்தக் கட்டடத்துக்கும் கிடைத்த ஆட்களுக்கும் பொருந்திய வேலை அதுதான். முதல் முறையே அப்படித் திட்டமிட்டிருந்தால் என் மதிப்பெண்ணும் கூடியிருக்கும்.