ரைஃபிள் ஹேண்ட்கார்டு: அலுமினியக் குழாயா, தகடு வைத்த நைலானா?

பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை என்று அறிவித்ததிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் டீக்கடைப் பேச்சே மாறிவிட்டது. எங்கள் டிசைன் ஆபீசுக்கும் அப்படி ஒரு வேலை வந்தது. ரைஃபிளில் பேரலை, அதாவது குண்டு பாயும் குழலைச் சுற்றி, முன்னால் நீட்டும் கை பிடிக்கும் உறைக்கு ஹேண்ட்கார்டு என்று பெயர். அதற்கு ஒரு கான்செப்ட் டிசைன் மட்டும் கேட்டார்கள். எதில் செய்வது என்ற வாக்குவாதத்தில் நான் நைலான் பக்கம் நின்றேன், கடைசியில் அதுவே தேர்வானது. பிளாஸ்டிக் மோல்டு டிசைன்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் பேரலுக்கு மேலேயும் கீழேயும் மரம்தான். கைக்குச் சுகம், சூடு லேசில் ஏறாது. ஆனால் மழையில் ஊறும், வெயிலில் நெளியும். ஏகே வகைகளில் விடாமல் சுட்டால் மரக் காப்பு புகைந்து கருகுவதும் தெரிந்த கதை. இன்சாஸ் ரைஃபிள் வந்தபோதே நம் ராணுவம் பாலிமருக்கு மாறிவிட்டது.

உண்மையான போட்டி அலுமினியத்தோடுதான். இன்று சந்தையில் ஓடுவது 6061 எக்ஸ்ட்ரூஷன் குழாய், அதாவது 6061 ரக அலுமினியத்தை அச்சு வழியே பிதுக்கி எடுத்தது. பின்பக்கம் பேரல் நட்டில் (பேரலைத் துப்பாக்கி உடலோடு பூட்டும் நட்டில்) மட்டும் இறுக்கி, முன்பக்கம் பேரலைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். தோள் வாரை இழுத்தாலும் பைபாடில் (முன்னால் மாட்டும் இரட்டைக் கால் தாங்கியில்) சாய்த்தாலும் பேரல் மேல் அழுத்தம் விழாது, குறி நகராது. டார்ச், லேசர் மாட்ட 2014-ல் அமெரிக்க நிறுவனமான மேக்புல் கொண்டுவந்த எம்-லாக் துளைகளைப் போட்டால் போதும். குறைந்த எண்ணிக்கைக்குச் செலவும் அலுமினியத்தில்தான் குறைவு. எக்ஸ்ட்ரூஷன் டை போடுகிற காசுக்கு இஞ்செக்ஷன் மோல்டின் ஒரு பாதிகூட வராது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

எனக்கு உள்ளங்கைதான் கணக்கு. சூடான பரப்பைத் தொட்டால் எப்போது தோல் வெந்துபோகும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13732 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஒரு விநாடி மட்டும் தொட்டுவிட்டுக் கையை எடுப்பதாக இருந்தால் வெற்று உலோகத்துக்கு வரம்பு 65 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்குகிறது. பிளாஸ்டிக்குக்கு 80-ஐத் தாண்டிப் போகிறது. ஆனால் ஒரு நிமிடம் விடாமல் பிடித்தால் எந்தப் பொருளாக இருந்தாலும் 51 டிகிரிதான். பத்து நிமிடம் என்றால் 48. ஹேண்ட்கார்டைத் தொட்டுவிட்டு யாரும் கையை எடுப்பதில்லை, பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். ஆகவே 'பிளாஸ்டிக் அவ்வளவாகச் சுடாது' என்ற வாதம் இங்கே செல்லாது. மேற்பரப்பை 48-க்குக் கீழே எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்பது மட்டுமே கேள்வி.

அங்கேதான் அலுமினியக் குழாய் இடறுகிறது. பேரல் நட்டு இருப்பது சேம்பருக்கு, அதாவது தோட்டா உட்காரும் அறைக்குப் பக்கத்தில், பேரல் அதிகம் சூடாகும் பக்கம். குழாயை இறுக்குவதும் அதே நட்டில். அலுமினியம் கண்ணாடி இழை கலந்த நைலானைவிடப் பல நூறு மடங்கு வெப்பம் கடத்தும். நட்டில் ஏறிய சூடு குழாய் முழுக்கப் பரவும். நல்ல ரேடியேட்டர் என்று அதைப் புகழலாம்தான். அந்த ரேடியேட்டரைத்தான் கையில் பிடித்திருக்கிறோம். அதோடு சூடு உச்சத்துக்கு வருவது சுடும்போது அல்ல, நிறுத்திய பிறகு. கனமான பேரல் தான் வாங்கிய வெப்பத்தை மெதுவாக வெளியே விடும். புல்லட் பைக்கை நிறுத்தி இறங்கும்போது சைலன்சரில் கெண்டைக்கால் பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சென்னை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் மொட்டை மாடியில் கிடக்கும் கறுப்புப் பொருள் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ஒரு குண்டும் சுடாமலே. இதில் நைலானுக்கும் தனிச் சலுகை கிடையாது, அதுவும் அதே அளவு காயும். ஆனால் எடுத்த முதல் நொடியில் உலோகம் கையைச் சுட்டுவிடும், நைலான் கொஞ்சம் பொறுக்கும். அதனால் வெளி நிறத்தை மணல் நிறமாக்கச் சொன்னேன்.

நாங்கள் தேர்ந்தது இரண்டு பாதியாகப் பூட்டும் நைலான் 66 ஓடு, 30 சதவீதம் கண்ணாடி இழை, உள்ளே அலுமினியத் தகடு. புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்16-ல் 1960-களிலிருந்தே உள்ளே தகடு உண்டு, அதன் குட்டை வடிவமான எம்4-ல் அது இரட்டைத் தகடானது. தகடு மினுமினுப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் பேரலிலிருந்து வரும் கதிர்வீச்சைத் திருப்பி அடிக்கும். தகட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி. ஓட்டின் மேலும் கீழும் துளை, கீழே நுழைந்த காற்று சூடாகி மேலே வெளியேற. மேல் துளையை அளவோடு வைத்தோம். அதிகம் வைத்தால் எழும் சூடான காற்று ஸ்கோப்பின் பார்வையில் கானல் போல ஆடும்.

ஆயுதத்தின் உதிரிப் பாகத்துக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது 1959 ஆயுதச் சட்டம். அதனால் சோதனைக்குச் செம்புதாஸ் தெருவில் வாங்கிய கனத்த ஸ்டீல் பைப், உள்ளே கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் (குச்சி வடிவ மின் ஹீட்டர்), சுற்றிலும் சாம்பிள் உறைகள். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. முதலாவது, பளபளக்கும் அலுமினியத்தில் ஐஆர் கன்னை, அதாவது தொடாமல் சூடு அளக்கும் கருவியை நம்ப முடியாது. தொட முடியாத தகட்டை அறைச் சூடு என்று காட்டும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறிவைத்தால்தான் தெர்மோகப்பிளோடு (தொட்டு அளக்கும் சென்சாரோடு) ஒத்துப்போனது. இரண்டாவது, நைலான் ஓட்டில் சூடு ஏறியது நடுவில் அல்ல, தகட்டைப் பிடிக்கும் மடிப்பு ஓட்டைத் தொடும் இடங்களில். விரல் நுனி அளவு புள்ளிகள், ஆனால் கட்டைவிரல் விழும் இடம். மடிப்பை முன்னும் பின்னும் ஓரத்துக்குத் தள்ளிய பிறகு அடங்கியது.

நைலானின் குறைகளும் சின்னவை அல்ல. ஈரம் குடிக்கும். நம் கடற்கரைக் காற்றில் சில மாதம் இருந்தால் அளவு கொஞ்சம் கூடும், விறைப்பு குறையும்; பூட்டும் இடங்களுக்கு அந்தத் தளர்வை முன்கூட்டியே விட வேண்டும். மோல்டுக்குப் போகும் முன் குருணையை 80 டிகிரியில் நாலு மணி நேரம் உலர்த்தாவிட்டால் மேலே வெள்ளிக் கோடு விழும், வலுவும் போகும். கையை மறைக்கிற காப்பு பேரலையும் போர்த்துகிறது, அது ஆற நேரமாகும். முன்முனை பேரலில் தாங்கி நிற்பதால் துல்லியத்தில் அலுமினியக் குழாயிடம் தோற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹீட்டர் பைப்பைச் சீராகச் சூடாக்குகிறது. உண்மையான பேரலில் சேம்பர் பக்கம் ஒரு மாதிரி, நுனி ஒரு மாதிரி, அதுவும் குண்டுக்குக் குண்டு அடி அடியாக ஏறும். சுடுதளத்தில் இந்த ஓட்டைப் பிடித்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. எங்கள் அளவீடு இரண்டு உறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், அதற்கு மேல் அதை நீட்டமாட்டேன்.

தூரக் குறிக்காக ஸ்கோப்பும் பைபாடும் வைத்த துப்பாக்கி என்று யாராவது வந்தால் யோசிக்காமல் அலுமினியத்துக்கே டிராயிங் போடுவேன். அதிலும் குழாயின் உள்பக்கத்தை மாஸ்க் செய்துவிட்டு வெளியே மட்டும் அனோடைஸ் (மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு பூச்சு) பண்ணச் சொல்வேன். அனோடைஸ் பூச்சு கறுப்போ வெள்ளையோ, பேரலின் வெப்பக் கதிரை உள்ளே இழுக்கும். வெற்று அலுமினியம் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். மாஸ்கிங்குக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று பிளேட்டிங் கடையில் தனியாகக் கேட்பார்கள், உப்புக் காற்றில் உள்பக்கம் வெள்ளை பூக்கும், அதை அவ்வப்போது துடைக்கவும் வேண்டும். அது வாங்குகிறவர் பாடு.