பிரிப்பதா, பூசுவதா, விட்டுவைப்பதா? செட்டிநாட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எந்த ஊருக்குப் போனாலும் முகப்பில் நிற்பவர் கண்ணில் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும்தான் படும். பின்கட்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் காட்சி மாறிவிடும். ஓடு சரிந்த இடத்திலும், குரங்கு பெயர்த்துப் போட்ட இடத்திலும், சில வீடுகளில் வளவு என்னும் உள்முற்றத்தின் திறந்தவெளிக்கு மேலேயும் சாம்பல் நிற அலை ஷீட் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடங்களுக்கு அது வந்த வழி வேறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றை இறக்கினார்கள். பல இடங்களில் அதற்குப் பதிலாக சிமெண்ட் ஷீட்டை ஏற்றினார்கள். ஷீட் எரியாது என்பது உண்மை. வம்பு அதனுள் இருக்கும் கல்நாரில், அதாவது ஆஸ்பெஸ்டாஸில்தான்.

சாதாரண 6 மி.மீ. அலை ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிரைசோடைல் என்னும் வெள்ளைக் கல்நார். மீதி சிமெண்ட்டும் மற்றவையும். சிமெண்ட் இறுகப் பிடித்திருக்கும்வரை நார் காற்றில் கலப்பது மிகக் குறைவு. துளை போட்டால், அறுத்தால், உடைத்தால், காய்ந்த நிலையில் துடைப்பத்தால் தேய்த்தால் கிளம்பும். பல வருட வெயிலிலும் மழையிலும் மேல்பரப்பின் சிமெண்ட் கரைந்து நார் தலைகாட்டுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் தங்கிவிடும், கரையாது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய், நீண்டகாலம் நிறையச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ் என இதனால் வரும் நோய்கள் தலைகாட்ட 20 முதல் 40 வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றில் வைத்திருக்கிறது.

பள்ளியைத் தனியாகப் பார்க்க ஒரு காரணம் உண்டு. பிரிட்டனின் புற்றுநோய்க் காரணிகள் குழு 2013-ல் போட்ட கணக்குப்படி, 30 வயதில் முதன்முதலாகக் கல்நார் சுவாசித்தவரைவிட 5 வயதில் சுவாசித்த குழந்தைக்கு வாழ்நாளில் மீசோதீலியோமா வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. இந்தக் கணக்கு குழந்தையின் நுரையீரல் பலவீனம் என்பதை வைத்துப் போட்டதல்ல. நோய் வெளிப்படத் தேவையான வருடங்கள் அதற்கு முன்னால் நிறைய இருக்கின்றன என்பதால்.

ஆகவே எந்த வழியை எடுப்பது என்பதை ஷீட்டின் வயதை வைத்து முடிவு செய்ய முடியாது. அதன் மேல் யார், எப்படிக் கை வைக்கப்போகிறார்கள் என்பதை வைத்தே முடிவு செய்யவேண்டும்.

முதலில், இருப்பது கல்நார்தானா?

பிரிட்டனில் 1999-க்குப் பின் கட்டியது என்றால் பெரும்பாலும் கவலையை விட்டுவிடலாம். அந்த வருடம்தான் அங்கே கடைசித் தடை வந்தது. இந்தியாவில் சுரங்கம் தோண்டுவது நின்றுவிட்டாலும் கல்நாரை இறக்குமதி செய்து ஷீட் போடுவது நிற்கவில்லை. போன வருடம் போட்ட ஷீட்டிலும் அது இருக்கலாம். போதாக்குறைக்கு, கல்நார் இல்லாத ஷீட்டையும் நம் ஊர்க் கடையில் ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றே சொல்லி விற்பார்கள். அடிப்பக்கத்து முத்திரையைப் பாருங்கள். இந்தியத் தரக் குறியான ஐ.எஸ். 459 என்றிருந்தால் கல்நார் ஷீட், ஐ.எஸ். 14871 என்றிருந்தால் கல்நார் இல்லாத நார் சிமெண்ட். முத்திரை அழிந்திருந்தால் கல்நார் என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், ஏற்கெனவே உடைந்த ஓரத்தில் தண்ணீர் தெளித்து, பெருவிரல் நகம் அளவுத் துண்டை எடுத்து, இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு அனுப்பலாம்.

விட்டுவைப்பது

விரிசல் இல்லை, ஓரம் உதிரவில்லை, அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கிறது, யார் கைக்கும் எட்டாத உயரம் என்றால் இது கோழைத்தனம் ஆகாது. அவசரப்பட்டு மோசமாகப் பிரிப்பதைவிட இதுவே நல்லது. ஆனால் விட்டுவைப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. அமெரிக்காவில் 1986-ல் வந்த பள்ளிக் கல்நார்ச் சட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்வையிடவும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை முழு ஆய்வு செய்யவும் சொல்கிறது. அங்கே உள்ளது பெரும்பாலும் குழாய்ப் பொதியும் தெளிப்புப் பூச்சும். நம் ஷீட்டைவிட எளிதில் உதிர்பவை. இருந்தாலும் அந்த நாட்காட்டியை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை, கோடை விடுமுறை தொடங்கும்போது ஒரு முறை பார்த்து, ஒவ்வொரு விரிசலையும் படம் எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்த வழி கெடுவது மின்விசிறியில்தான். ஒயர் இழுக்க வருபவர், “டீச்சர், ரெண்டே ரெண்டு ஓட்டைதான், அஞ்சு நிமிஷ வேலை” என்பார். துளைக்கருவி ஓடும் அந்த நேரத்தில் ஷீட்டிலிருந்து கொட்டும் வெள்ளைத் தூள் பெஞ்சில், புத்தகப் பையில், விசிறி இறக்கையில் படியும். மறுநாள் காலை ஆயா அதைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவார். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கூரை வகுப்பறைக் காற்றுக்குள் வருவது இப்படித்தான். விசிறிக் கொக்கியும் ஒயரும் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸிலோ, அதன் குறுக்கே ஷீட்டைத் தாங்கும் பர்லினிலோதான் போகவேண்டும். ‘கல்நார் கூரை, துளை போடக்கூடாது’ என்ற பலகையைச் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கூரையைப் பார்க்காதவரும் சுவிட்சுப் பெட்டியைப் பார்ப்பார்.

பூசுவது

செலவு குறைவு என்பதால் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அடிப்பக்கம் பூசுவதற்கும் மேல்பக்கம் பூசுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அடிப்பக்கத்தைச் சாரம் கட்டி, ஒட்டடையை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பிரைமர் ஒரு கை, அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கை அடித்தால் போதும். பிள்ளைகள் இருக்கும் பக்கம் மூடப்பட்டுவிடும். அறையும் வெளிச்சமாகும்.

மேல்பக்கம் அப்படியில்லை. அங்கே பாசியும் கரும்படலமும் இருக்கும்; பெயிண்ட் பிடிக்கவேண்டுமானால் அதை எடுக்கவேண்டும். கம்பி பிரஷ் போட்டாலோ, வண்டி கழுவும் அழுத்தத் தண்ணீர் அடித்தாலோ, எதை அடக்க வந்தோமோ அதையே கிளப்பிவிடுகிறோம். பாசி கொல்லும் மருந்தைத் தெளித்துச் சில நாள் விட்டு, குறைந்த அழுத்தத்தில் நனைத்து, ஊடுருவும் பிரைமரைத் தெளித்துவிட வேண்டும், தேய்க்கவே கூடாது. அதோடு ஆள் மேலே ஏறவேண்டியிருக்கிறது. பழைய ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது, கால் வைத்த இடத்தில் பொத்துக்கொண்டு போகும். கல்நார் நாற்பது வருடம் கழித்துச் செய்வதை இந்த விழுகை அன்றைக்கே செய்துவிடும். பர்லினுக்குப் பர்லின் பலகை போட்டுத்தான் நகரவேண்டும்.

பூச்சு சில வருடத்துக்குத்தான். பூசிய ஷீட் புதிதுபோலத் தெரிவதால் மேலே ஏறுபவருக்கு நடைப்பலகை போடும் எண்ணமும் போய்விடும்.

மூடுவது

ஷீட்டுக்கு மேலேயே தகரம் போடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: திருகு எதில் இறங்கும்? பழைய ஷீட்டைத் துளைத்துத்தான் என்றால் நூற்றுக்கணக்கில் துளை விழும். அப்படியானால் வேண்டாம்.

கீழே பால்ஸ் சீலிங் கட்டுவது ஓரளவு சரிவரும், சட்டகம் பர்லினில் தொங்கினால் மட்டும். ஆனால் மேலே இடுக்கில் எலியும் வௌவாலும் குடியேறும்; அதை ஒரு நாள் பிரிக்கும்போது வருடக்கணக்கில் தங்கிய தூசி மொத்தமாகத் தலையில் கொட்டும். தெர்மோகோல் சீலிங் பள்ளிக்கு வேண்டவே வேண்டாம். அது எரியும், கும்பகோணத்துக்குப் பிறகு அந்தத் தவறைச் செய்ய மன்னிப்பில்லை.

பிரிப்பது

ஷீட் உதிர்கிறது, ஒழுகுகிறது, அல்லது எப்படியும் கூரை வேலை நடக்கப்போகிறது என்றால் பிரித்துவிடுவதே சரி. அரையும் குறையுமாக நாலு ஷீட்டை மட்டும் மாற்றுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பக்கத்து ஷீட்டைத் தூக்காமல் ஒன்றை உருவ முடியாது. தூக்கினால் பழையது உடையும்.

காலம், மே மாத விடுமுறை. நேரம், காலை ஆறு முதல் பத்துவரை. அதற்குப் பிறகு நம் வெயிலில் தெளித்த தண்ணீர் நிமிடத்தில் காய்ந்துவிடும், ஷீட்டிலும் கை வைக்க முடியாது. பெஞ்சு, பலகையெல்லாம் வெளியே போகட்டும். போகாததைப் பாலிதீனால் மூடுங்கள். தரையிலும் பாலிதீன் விரிப்பு வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரச் சோப்பைக் கலந்தால் மேலே வழிந்தோடாமல் உள்ளே ஊறும். அதைத் தோட்டத்து மருந்து தெளிப்பானில் ஊற்றி இரு பக்கமும் நனைக்கவேண்டும்.

ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே-போல்ட் துருப்பிடித்திருப்பதுதான் சிக்கல். நட்டு அசையாது, உடனே சுத்தியலோ கிரைண்டரோ கைக்கு வரும். இரண்டும் ஆகாது. உள்பக்கம் பர்லினுக்குக் கீழே தெரியும் கம்பியைப் போல்ட் கட்டரால் நறுக்கினால் ஷீட்டைத் தொடாமலே கழன்றுவிடும். போட்ட வரிசைக்குத் தலைகீழாக, முகட்டிலிருந்து கீழ்நோக்கி, ஷீட்டை முழுதாக எடுத்து இருவர் கைமாற்றி இறக்கவேண்டும். மேலிருந்து போடக்கூடாது. துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் நாரைத் தடுக்காது, குறைந்தது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2, முடிந்தால் எஃப்.எஃப்.பி.3 வகை மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தில் இறுகப் பிடிக்காது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகக்கூடாது. அந்தச் சட்டையை உதறித் துவைக்கும் மனைவிக்கும் நோய் வந்த வரலாறு இந்தத் தொழிலில் உண்டு.

கூரை விளிம்பான இறவாணத்துக்கு நேர்கீழே மழைநீர் சொட்டும் மண்ணை மறந்துவிடுவார்கள். வருடக்கணக்கில் கரைந்த நார் சேரும் இடம் அதுதான். நனைத்து மேல்மண்ணை ஓரிரு அங்குலம் சுரண்டி, ஷீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அந்தக் கூரைத் தண்ணீரைக் குடிப்பதால் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கவலை குடிப்பதில் இல்லை, தொட்டியடி வண்டல் காய்ந்து பறப்பதில் இருக்கிறது.

பிரித்தபின் எதைப் போடுவது?

60 அடிக்கு 20 அடி வகுப்பறை வரிசையை எடுத்துக்கொள்வோம். சரிவும் இறவாணமும் சேர்த்துக் கூரை சுமார் 140 சதுர மீட்டர். 2 மீட்டர் ஷீட் என்றால் 76. ஒவ்வொன்றும் 28 கிலோ, மொத்தம் 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல். இதே பரப்புக்கு அரை மி.மீ. கலர் தகரம் முக்கால் டன்னுக்குள் முடியும். மங்களூர் ஓடு, அதைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரோடு சதுர மீட்டருக்கு 65 கிலோ, அதாவது 9 டன். நாலு அங்குலக் கான்கிரீட் 30 டன்னைத் தாண்டும்.

இந்தக் கணக்கிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. ஷீட்டுக்காகச் செய்த பள்ளிக்கூட இரும்பு ட்ரஸ் நாலு மடங்கு பாரத்தைத் தாங்காது. ஓடு அங்கே ஆசைப்படக்கூடாத பொருள். சரிவும் போதாது. ஓட்டுக்கு 26 டிகிரியாவது வேண்டும், ஷீட் கொட்டகை பெரும்பாலும் 18-க்குள். ஓடு போட்டால் அடைமழையில் தண்ணீர் பின்னோக்கி ஏறி ஒழுகும்.

கல்நார் இல்லாத நார் சிமெண்ட் ஷீட் கிட்டத்தட்ட அதே எடை, அதே அலை. இருக்கும் பர்லினிலேயே உட்காரும். விலை கூடுதல், இதுவும் உடையும், காய்ந்தபடி அறுத்தால் சிலிக்கா தூசி வரும். ஆனால் வெயிலும் மழைச் சத்தமும் தகரத்தைவிடக் குறைவு. பள்ளிக்கு எங்கள் முதல் வாக்கு இதற்கே.

தகரம் இரண்டாவது. வெறும் தகரத்தின் கீழ் மழைநேரத்தில் பாடம் நடத்த முடியாது. அடியில் காப்புப் பொதி வேண்டும். அது பாறைக்கம்பளியாக (ராக்வூல்) இருக்கட்டும். பிளாஸ்டிக் நுரை அடைத்த பஃப் பேனல் தீயில் நச்சுப் புகை விடும். இன்னொன்று, பழைய ஷீட்டின் 2 டன் எடையே இதுவரை கூரையை அழுத்திப் பிடித்திருந்தது. அது போனால் காற்று கூரையைத் தூக்கும். 2018 நவம்பர் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ட்ரஸ் சுவரில் எதனால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இறவாண வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும் திருகு இறங்கவேண்டும்.

பழைய வீட்டின் பின்கட்டில் தீர்ப்பு தலைகீழ். அந்தக் கைமரமும் சுவரும் ஓட்டுப் பாரத்துக்கென்றே போட்டவை, சரிவும் சரி. கரையான் பார்த்து, ரீப்பரை மாற்றி, ஓட்டுக்கே திரும்பலாம். பிரித்த வீடுகளின் பழைய மங்களூர் ஓடு நம் பக்கம் கிடைக்கிறது. தட்டிப் பார்த்து ‘கணீர்’ என்பதை மட்டும் எடுங்கள்.

பிரித்த ஷீட் எங்கே போகும்?

செலவுப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் வரி இது. உடைத்துக் கண்மாய்க் கரையில் கொட்டுவது, ஆட்டுக் கொட்டகைக்குக் கொடுப்பது, விளையாட்டுத் திடலின் பள்ளத்தில் போட்டு மூடுவது எல்லாம் நடக்கிறது. 2016 அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் கழித்துப்போட்ட கல்நாரும் இருக்கிறது. இதற்கான கழிவு மையங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. நம் பக்கத்திலிருந்து அங்கே போக லாரி வாடகை கையைக் கடிக்கும். ஆகவே இரண்டு மூன்று பள்ளிகள் ஒரே விடுமுறையில் சேர்ந்து பிரித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி ஒரே லோடாக அனுப்புவது மேல். 200 மைக்ரான் பாலிதீன் இரண்டு சுற்று, டேப், மேலே பெரிய எழுத்தில் ‘கல்நார் கழிவு’.

கொட்டேஷன் வாங்கும்போது இந்த நாலும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: ஈரப்படுத்திப் பிரிப்பது, கிரைண்டர் இல்லை, மாஸ்க் வகை, ஷீட் போய்ச்சேரும் இடத்தின் ரசீது. அப்படியே வேதியியல் ஆய்வகத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். பர்னருக்கு மேல் வைக்கும் கம்பிவலையின் நடுவில் வெள்ளை வட்டம் உதிர்ந்துகொண்டிருந்தால், பழைய வலைகளில் அதுவும் கல்நாராக இருக்கலாம். கூரையைவிட எளிதில் பறக்கும். நனைத்து, பையில் கட்டி, அதே லாரியில் ஏற்றிவிட்டு, பீங்கான் நடுவுள்ள வலை வாங்குங்கள்.