அப்பாவின் பென்ஷனை யார் எடுப்பது?

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 82. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கின்றன, கையெழுத்துதான் வராது. பென்ஷன் மாதம் தவறாமல் கணக்கில் ஏறிவிடும். அதை எடுப்பதுதான் பாடு.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஏடிஎம் கார்டு இருக்குல்ல, பின் நம்பர் தெரியும்ல, அப்புறம் என்ன?" எனக்குத் தெரிந்த பாதி வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது. சுலபம்தான். ஆனால் பெற்ற பிள்ளைக்குக்கூடப் பின் நம்பரைச் சொல்லக் கூடாது என்பது வங்கி விதி, பணம் களவு போனால் கையை விரித்துவிடுவார்கள். கூடப்பிறந்தவர்கள் கணக்குக் கேட்டாலும் காட்ட ஒன்றும் இருக்காது. பென்ஷன்தாரர் இறந்த பிறகும் பணம் ஏறி, அதையும் எடுத்துவிட்டால் பின்னால் அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

அம்மா இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிமையுள்ள கணவன் அல்லது மனைவியோடு பென்ஷன் கணக்கை ஜாயிண்டாக வைத்துக்கொள்ளலாம், 'இருவரில் ஒருவர்' என்று போட்டால் அம்மா கையெழுத்தே போதும். பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் அதே கணக்கில் தொடரும். மத்திய அரசுப் பென்ஷனில் மகனுக்கோ மகளுக்கோ இந்த வசதி கிடையாது.

சரி, பவர் எழுதி வாங்கிவிடலாம் என்று பத்திர எழுத்தர் வரைக்கும் போனேன். நல்லவேளை, பத்திரம் வாங்கும் முன் விசாரித்தேன். பென்ஷன் கணக்கைப் பவர் வைத்திருப்பவர் இயக்க முடியாது என்பது ரிசர்வ் வங்கியின் விளக்கம். அதே விளக்கத்தின் அடுத்த வரியை யாரும் சொல்வதில்லை: செக் புத்தகம் தரலாம், கணக்கிலிருந்து பணத்தைத் தானாகவே மாற்றிவிடச் சொல்லி ஒரு தடவை எழுதிக் கொடுக்கும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனும் கொடுக்கலாம். நாங்கள் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

கவுண்டரில் இருந்தவர் முதலில் "ஆம்புலன்ஸ்லயாவது கூட்டிட்டு வாங்க" என்றார். தேவையே இல்லை. கையெழுத்துப் போட முடியாத பென்ஷன்தாரரின் பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகள் முன் வாங்கலாம், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கைவிரல் முடியாவிட்டால் கால் பெருவிரல், அதுவும் முடியாவிட்டால் ஏதாவது ஓர் அடையாளக் குறி போதும். பணத்தை யார் வாங்குவார் என்று பென்ஷன்தாரர் சொல்லிவிட்டால், அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்வார்கள்.

இதைச் சொன்ன பிறகு ஓர் அதிகாரி மைப்பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அப்பா இடது பெருவிரலை நீட்டி, "கிரீஸ்லயே ஊறின விரல் சார், ரேகை இருக்கான்னு பாருங்க" என்றார். இரண்டாவது முறைதான் சரியாகப் பதிந்தது.

மாதாமாதம் இப்படி அதிகாரியை வரவழைப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் அந்த ஒரு ரேகையை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனுக்கே செலவழித்தோம். அப்பா இருப்பது அக்கா வீட்டில். மாதம் 5ஆம் தேதி குறிப்பிட்ட தொகை அக்கா கணக்குக்குப் போகிறது, மீதி அப்பா பெயரிலேயே நிற்கிறது. தம்பி கேட்டால் பாஸ்புக்கை நீட்டிவிடலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

பென்ஷன் நிற்காமலிருக்க வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றுக்கு ஜீவன் பிரமாண் செயலி போதும், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். முகத்தைக் காட்டிக் கண் சிமிட்ட வேண்டும். உள்ளறையில் இரண்டு முறை எடுக்கவில்லை, திண்ணை வெளிச்சத்தில் எடுத்தது.

இதெல்லாம் நினைவு தெளிவாக இருக்கும் வரைதான். எழுதிக் கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்தால் பவர் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2017 மனநலச் சட்டப்படி நியமிக்கிற பிரதிநிதி சிகிச்சை விஷயங்களுக்கு மட்டுமே. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் காப்பாளர் ஏற்பாடு ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றுக்கானது, முதுமை மறதி அந்தப் பட்டியலில் இல்லை. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றம்தான். கோமாவில் கிடந்த கணவரின் சொத்துக்கு மனைவியைக் காப்பாளராக்கி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழி உண்டு, ஆனால் வக்கீல் செலவும் அலைச்சலும் சேர்ந்தே வரும்.

மாமாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷமாகிறது. அத்தை இன்னமும் கார்டில்தான் எடுக்கிறார். போன வாரம் கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினால், "நீங்க யாரும்மா?" என்று கேட்கிறாராம் மாமா.