ராஜா இல்லாத காலம்: எட்டு ஒலிப்பாடங்கள் கேட்டு முடித்தபின்

வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகம் தொடங்கி, இஸ்ரவேலின் முதல் ராஜா வரும் ஒன்று சாமுவேல் 12-ஆம் அதிகாரம் வரை எட்டு ஒலிப்பாடங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். நடத்துகிறவர்களின் பெயர் வேண்டாம், குறைகளும் சொல்லப்போகிறேன். பதினைந்து வருடமாக ஞாயிறு பள்ளியில் கிதியோனையும் சிம்சோனையும் கதையாகச் சொல்லி வருகிறவள் நான். சொல்லிச் சொல்லி எனக்கே யோசிக்க மறந்துபோயிருந்தது, அதனால்தான் சேர்ந்தேன்.

முதலில் சின்னக் குறைகள். கூட வரும் வரைபடத்தைப் போனில் பெரிதாக்கினால் ஊர்ப்பெயர்கள் கரைந்துவிடுகின்றன. மூன்றாம் பாடத்தில் பாதி நேரம் மின்விசிறிச் சத்தம்.

இப்போது ஆறாம் பாடம். இதற்காகவே சேரலாம். ஒன்று சாமுவேல் 8-இல், ராஜா வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம், ராஜா வந்தால் என்ன செய்வான் என்று தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரிக்கிறார் அல்லவா? உங்கள் குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், வயல்களை எடுப்பான், வேலைக்காரரை எடுப்பான். எபிரெயத்தில் 'லாக்காஹ்' என்ற ஒரே வினை நான்கு முறை வருகிறது. அதே வினை அதற்கு முன்பே, 3-ஆம் வசனத்தில், சாமுவேலின் சொந்தப் பிள்ளைகள் லஞ்சம் எடுத்ததைச் சொல்லவும் வந்திருக்கிறது. நம் மொழிபெயர்ப்பில் 'பரிதானம் வாங்கி' என்று இருப்பதால் இத்தனை வருடம் எனக்கு இது கண்ணில் படவே இல்லை. அப்புறம் 12-ஆம் அதிகாரத்தில் சாமுவேல் ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன் என்று கேட்கிறார். மறுபடி அதே வினை. அவர் எடுக்கவில்லை, சரி. பெயெர்செபாவில் பிள்ளைகளை நியாயாதிபதிகளாக உட்கார வைத்தது யார்? அவர்தானே. பட்டம் மகனுக்குப் போவதை அரண்மனை வருவதற்கு முன்பே அவர் வீட்டில் பார்த்துவிட்டோம். ராஜா கேட்டு வந்த மூப்பர்களை நான் வகுப்பில் எப்போதும் திட்டியே பழகியவள். இனி அவ்வளவு திட்ட முடியாது.

கிதியோன் பாடம் சுமார்தான். எங்களை ஆளும் என்று ஜனங்கள் கேட்டபோது கிதியோன் சொன்ன 'நானும் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவார்' என்ற பதிலை ஆசிரியர் கால்மணி நேரம் புகழ்கிறார். அதே மூச்சில் கிதியோன் 1,700 சேக்கல் எடையுள்ள பொன் கடுக்கன்களை வாங்கி ஏபோத்து, அதாவது ஆசாரிய உடை, செய்ததையும், ஒரு மகனுக்கு அபிமெலேக்கு, அதாவது 'என் தகப்பன் ராஜா', என்று பெயர் வைத்ததையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார். வேண்டாம் என்று வாயால் சொன்னவர் வீட்டில் தினமும் கூப்பிட்ட பெயர் அது. அந்த மகன்தான் சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்றான், தப்பித்த யோதாம் ஒருவனைத் தவிர.

பெரிய குறை நான்காம் பாடம். ராஜா இல்லாத காலத்தை ஆசிரியர் சுதந்திர காலமாகக் காட்ட விரும்புகிறார். வரி இல்லை, அரண்மனை இல்லை, ஊர்வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்கைத் தீர்ப்பார்கள். போவாஸ் பெத்லகேம் வாசலில் பத்து மூப்பரை உட்காரவைத்து விதவை ரூத்தின் திருமணக் காரியத்தை ஒரே அமர்வில் முடித்தது நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியாயாதிபதிகள் 19 முதல் 21 வரையான அதிகாரங்களுக்கு அவர் கொடுத்தது ஆறு நிமிடம். கிபியா ஊரார் ஒரு லேவியனின் மறுமனையாட்டியைச் சீரழித்துச் சாகவிடுகிறார்கள். அவன் அவள் உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேல் எங்கும் அனுப்புகிறான். அதனால் மூண்ட உள்நாட்டுப் போரில் கிபியா ஊராரின் கோத்திரமான பென்யமீனில் 600 ஆண்கள் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு மனைவிகள் தேடி யாபேஸ் என்ற ஊரை வெட்டிச் சாய்த்து 400 பெண்களைக் கொண்டுவருகிறார்கள், போதாததற்குச் சீலோவில் நடனமாட வந்த பெண்களைத் தூக்கிப்போகிறார்கள். 'அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான்' என்ற வரியோடுதான் இந்த அதிகாரங்கள் முடிகின்றன. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதில்லை. பெரியவர்கள் பாடத்தில் தாண்டிப்போனால் எப்படி?

தாண்டியதன் விளைவு ஏழாம் பாடத்தில் தெரிகிறது. முதல் ராஜா சவுல் எந்த ஊர்? அதே கிபியா, அதே பென்யமீன். அவர் முதலில் காப்பாற்றப் போனது எந்த ஊரை? அதே யாபேஸ். படை திரட்ட என்ன செய்தார்? ஒரு ஜோடி மாட்டைத் துண்டித்து இஸ்ரவேல் எங்கும் அனுப்பினார். இந்த முடிச்சு எதையும் ஆசிரியர் தொடவில்லை. சவுல் திடீரென்று மாட்டை வெட்டும் கோபக்காரராக மட்டும் தெரிகிறார்.

இதைக் கேள்வியாக எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து முதல் பாடத்தின் இணைப்பு பதிலாக வந்தது.

சேருகிறவர்கள் வரிசையாகக் கேட்க வேண்டியதில்லை. ஆறாம் பாடத்தில் தொடங்குங்கள். ஏழாவதைப் போடுவதற்கு முன் நியாயாதிபதிகளின் கடைசி மூன்று அதிகாரங்களை நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.