பறவைக்கு விதைக்கக் கால் ஏக்கர்: எதைக் கொண்டு உழுவது?

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் காட்டோரத்துத் துண்டு நிலங்களில் குளோவர், ஓட்ஸ், டர்னிப் விதைத்து மானை வரவழைப்பார்கள். நாலு சக்கர ஏடிவி வண்டிக்குப் பின்னால் குட்டி டிஸ்க் கலப்பையை மாட்டி இழுக்கும் காணொளிகள் நிறைய உண்டு. அதைப் பார்த்துவிட்டு "இது மாதிரி ஒண்ணு நம்மூர்ல கிடைக்குமா?" என்று கேட்கிறவர்களுக்காக இந்த அலசல். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் வேட்டைப் பேச்சு கிடையாது. நாம் பேசுவது வேறு. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டியோ, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டிலோ கால் ஏக்கரை ஒதுக்கி, கம்பு, தினை, சாமை விதைத்து, அறுக்காமல் கௌதாரிக்கும் சில்லைக் குருவிக்கும் கிளிக்கும் விட்டுவிடுவது.

கருவியைப் பார்க்கும் முன் வேலையைப் பார்க்க வேண்டும். தினையும் சாமையும் பொடி விதை. இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முளைப்பது சந்தேகம். ஆழ உழவே தேவையில்லாத பயிர் இது. மேலே மூன்று நான்கு அங்குலம் இளகி, களை அடங்கி, அடியில் மண் ஓரளவு அழுத்தமாக இருந்தால் போதும். ஆக, எத்தனை குதிரைத்திறன் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வண்டி உள்ளே நுழையுமா, திரும்புமா என்பது.

அங்கேதான் பெரிய டிராக்டர் அடிபட்டுப் போகிறது. ஐந்தடி ரோட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) மாட்டிய 45 குதிரைத்திறன் வண்டிக்குக் கால் ஏக்கர் என்பது அரை மணி நேர வேலைகூட இல்லை. ஆனாலும் பெரும்பாலும் ஒரு மணி நேர வாடகை கொடுத்தே ஆக வேண்டும். அது ஆயிரத்தைத் தாண்டும். முனைக்கு முனை திரும்ப இடம் வேண்டும், அந்த இடம் உழாமலே கிடக்கும். முந்திரியின் பக்க வேர் மேலாக, வெகுதூரம் ஓடும் வேர். தோப்போரத்தில் ரோட்டவேட்டரை இறக்கினால் கத்தியும் போகும், வேரும் போகும். 2011 டிசம்பரில் தானே புயல் பழைய மரங்களைச் சாய்த்த பிறகு புதுக் கன்றுகளை நெருக்கி நட்ட தோப்புகளில் வண்டி திருப்ப இன்னும் சிரமம்.

ரோட்டவேட்டர் மேல் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. கோரைக் களை இருக்கிற மண்ணில் அதை ஓட்டுவது கோரைக்கு நாமே நாற்று விடுகிற வேலை. கோரைக் கிழங்குகள் மண்ணுக்கடியில் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். சுழலும் கத்தி அந்தச் சங்கிலியைத் துண்டாக்கி வயல் முழுக்கப் பரப்பிவிடும். ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகக் கிளம்பும். அருகம்புல்லுக்கும் இதே கதைதான். அடுத்தது, பார்க்க அழகாக மாவு மாதிரி ஆகிற செம்மண். அதன்மேல் ஒரு கனமழை விழுந்து வெயிலும் அடித்தால் மேல்மண் ஓடு கட்டிக்கொள்ளும். கம்பு எப்படியோ முட்டிக்கொண்டு வரும். சாமை முளைக்கு அந்தத் தெம்பு கிடையாது.

இதற்கு நேரெதிர் அஞ்சு கலப்பை, ஒன்பது கலப்பை; டிராக்டருக்குப் பின்னால் ஐந்து அல்லது ஒன்பது கொழுவோடு இழுபடும் கலப்பைகள். சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் இதைப் போட்டு ஓட்டினால் கோரைக் கிழங்கு வெட்டுப்படாமல் கிளறி மேலே வரும். அடுத்து வரும் கத்திரி வெயிலில் காய்ந்தே சாகும். செலவில்லாத களைக்கொல்லி அது. கட்டி கட்டியாகக் கிடக்கிறதே என்று மனம் பதறி உடனே ரோட்டவேட்டரைக் கூப்பிடாமல் இருந்தால் போதும். வண்டி நுழையும் நிலமென்றால் டிராக்டருக்கு நான் சம்மதிக்கும் ஒரே வேலை இதுதான்.

மினி டிராக்டரை வாடகைக்கு எடுப்பது நல்ல யோசனை. பதினெட்டு, இருபது குதிரைத்திறன் வண்டியில் மூன்றடி ரோட்டவேட்டரும் அஞ்சு கலப்பையும் மாட்டலாம், தோப்புக்குள்ளும் வளைந்து போகும். வாங்குவது? சில லட்சம் ரூபாயைக் கால் ஏக்கர் சில்லைக் குருவிக்காகப் போடுகிறவரிடம் நமக்கு வாதமில்லை. பவர் டில்லர், அதாவது கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு வண்டி, நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் சேற்று வயலில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி இறக்கினால் அதற்கு இணையில்லை. காய்ந்த செம்மேட்டில் பிடித்துத் திருப்புகிறவன் தோள்பட்டைதான் இறங்கும்.

கால் ஏக்கருக்கு உண்மையான போட்டி பவர் வீடருக்கும் (நடந்துகொண்டே ஓட்டும் சின்னக் களையெடுப்பு மிஷின்) மண்வெட்டிக்கும் நடுவில்தான். இருபத்தைந்து சென்ட் என்பது சுமார் 10,890 சதுர அடி. இரண்டடி அகலம் கிளறும் ஐந்து முதல் ஏழு குதிரைத்திறன் வீடரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், ஓரம் ஓரமாகச் சேர்த்துப் போவதையும் கணக்கில் எடுத்தால், இரண்டு கிலோமீட்டர் நடை. ஒரு காலை வேலை. ஆழத்தை மூன்று அங்குலத்தில் நிறுத்தலாம், மரத்தடிக்கு வந்ததும் தூக்கிக்கொள்ளலாம். அதுவும் சுழல் கத்திதான் என்பதால் கோரை விஷயத்தில் ரோட்டவேட்டரின் தம்பியே. கோடை உழவில் கோரை அடங்கிய பிறகு, விதைப்புக்கு முன் ஒரே ஒரு ஓட்டுக்கு இறக்கலாம். களிமண் ஈரத்தில் இறக்கினால் கத்தியில் மண் அப்பிக்கொண்டு உருளையாகிவிடும். உள்ளங்கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வரும்வரை மிஷின் கொட்டகையிலேயே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ரிவர்ஸ் கியர் உள்ள வீடர் பின்னால் வரும்போது கத்தி நம் காலை நோக்கி வருகிறது. கைலியோடு, வெறுங்காலோடு ஓட்டவே கூடாது. கைப்பிடியை விட்டால் கிளட்ச் தானாக விடுபடுகிறதா என்று வாடகைக்காரரை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு எடுங்கள்.

புல் வெட்டும் மிஷினின் முனையில் மாட்டும் குட்டி உழவுக் கத்தி மலிவு. ஏற்கனவே கிளறின மண்ணில் களை எடுக்க உதவும்; தரிசில் துள்ளும். அதோடு விடுகிறேன்.

மண்வெட்டியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. பத்து சென்டுக்குள் என்றால் அதுதான் என் தேர்வு. ஒரு ஆள் ஒரு நாளில் நாலைந்து சென்ட் கொத்தினாலே அதிகம், கூலியும் குறைவில்லை. ஆனால் கோரைக் கிழங்கை வேரோடு பொறுக்கி எடுக்கிற ஒரே கருவி மனிதக் கைதான். மாட்டு ஏர் கிடைக்கிற ஊராக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். நாட்டுக் கலப்பை சாலுக்குச் சால் நடுவே உழாத கரையை விட்டுப் போகும். அதனால் குறுக்கே இன்னொரு உழவு கட்டாயம்.

விதை மூடுவதற்கு அமெரிக்கக் காணொளியில் உருளை இழுப்பார்கள். இங்கே வேலமுள் கிளைகளைக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து, ஆளே இழுக்கலாம். பைசா செலவில்லை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விதை புதையவும் வழியில்லை. கம்பு ஏக்கருக்கு இரண்டு கிலோ என்றால் கால் ஏக்கருக்கு அரைக் கிலோ. கை விதைப்புக்குக் கொஞ்சம் கூடவே எடுத்துக்கொள்ளலாம்.

கருவியைத் தாண்டி ஒரு பேச்சு. பக்கத்துக் கொல்லைக்காரர் "என்னப்பா, மயிலுக்குத் தீனி போட்டு என் மல்லாட்டையைக் காலி பண்ணப் போறியா?" என்று கேட்பார். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. துண்டு நிலத்தை அவர் வரப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மக்காச்சோளம், மல்லாட்டை, கிழங்கு வேண்டாம். காட்டுப்பன்றி தேடி வருவது அவற்றைத்தான்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: பெட்ரோல் வீடர் முப்பதாயிரத்திலிருந்து கிடைக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு; சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் மற்றவர்களைவிடக் கூடுதல். விலையைக் கேட்கும் முன் கத்தியும் கார்புரேட்டரும் கடலூரிலோ பண்ருட்டியிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். வாடகை போதுமென்றால் உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகளைப் பதியலாம். ஆடியிலும் புரட்டாசியிலும் ஊரே உழும். சித்திரையிலேயே பதிந்துவிட்டால் கோடை உழவுக்கு வண்டியும் சுலபமாகக் கிடைக்கும்.